சத்தம் தாங்காத பிள்ளைக்கு ஓகேயு கார்டு உண்டா?

போன தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது அண்ணன் கெப்போங்கிலிருந்து போன் செய்தார். "டாக்டர் பாத்துட்டாங்க மா. பாப்பாவுக்கு ஆட்டிசம் இல்லையாம். சென்சரி பிரச்சினைதான்னு சொல்றாங்க. அப்போ அவளுக்கு ஓகேயு கார்டு எடுக்கலாமா, முடியாதா? இது குறைபாட்டுல சேருமா, சேராதா?"

ஓகேயு கார்டு என்பது மாற்றுத் திறனாளியாகப் பதிவு செய்தவர்களுக்கு மலேசிய அரசு கொடுக்கும் அட்டை. சென்சரி என்றால் சத்தம், தொடுதல், சுவை போன்றவற்றை மூளை கையாள்வதில் வரும் சிரமம். அண்ணன் என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. என் மகனுக்கு ஆட்டிசம். இப்போது 11 வயது. 4 வயதிலேயே கார்டு எடுத்துவிட்டோம். அண்ணன் மகளுக்கு 7 வயது, தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கிறாள். இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பார்த்தால் ஒரே பிரச்சினை என்றுதான் தோன்றும். மிக்ஸி ஓடினால் இரண்டு பேரும் காதைப் பொத்துவார்கள். சட்டைக் கழுத்துக்குள் இருக்கும் லேபிளை வெட்டி எடுத்தால்தான் போட்டுக்கொள்வார்கள். சாம்பாரில் வெண்டைக்காய் கிடந்தால் அந்தத் தட்டையே தொடமாட்டார்கள். ஆனால் அவனிடம் அட்டை இருக்கிறது, அவளிடம் இல்லை.

அன்றைக்கு அண்ணனுக்குப் போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. இதே கேள்வியோடு செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் எத்தனையோ தமிழ்ப் பெற்றோர் என்னிடம் பேசியிருக்கிறார்கள். அதனால் மீதியையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

நேரான பதில் முதலில். மலேசியாவில் ஆட்டிசம் ஓகேயு பதிவில் இருக்கிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குச் சென்சரி சிரமமும் இருந்தால் அது ஆட்டிசத்துக்குள்ளேயே அடங்கிவிடும், தனியாக எண்ணத் தேவையில்லை. சென்சரி சிரமம் மட்டும்தான் என்றால், அந்தப் பெயரில் பதிவு செய்ய இடம் இல்லை. இது அட்டையைப் பற்றிய பதில். பிள்ளையின் கஷ்டத்தைப் பற்றிய பதில் இன்னும் கொஞ்சம் நீளம்.

காதும் தோலும் நன்றாகத்தான் இருக்கின்றன

புலன்கள் ஐந்து என்றுதான் பள்ளியில் படித்தோம். இந்த விஷயத்தில் வேலை செய்கிறவர்கள் இன்னும் மூன்றைச் சேர்த்துப் பேசுவார்கள். உடல் சாய்கிறதா, சுழல்கிறதா என்று உள்காது சொல்லும் சமநிலை உணர்வு ஒன்று. கை கால் எங்கே இருக்கிறது, எவ்வளவு பலம் போடுகிறோம் என்று தசையும் மூட்டும் சொல்லும் உணர்வு இன்னொன்று. பசி, தாகம், சிறுநீர் முட்டுவது, நெஞ்சு படபடப்பது என்று உடம்புக்குள்ளிருந்து வரும் உணர்வு மூன்றாவது.

இந்த எட்டு வழியிலும் வரும் செய்திகளை மூளை ஓயாமல் பிரித்துப் பார்க்கிறது. எதைக் கவனிக்கலாம், எதை விட்டுவிடலாம் என்று முடிவு செய்கிறது. காலையில் கட்டிய கைக்கடிகாரம் பத்து நிமிடத்தில் கையில் இருப்பதே மறந்துபோகிறதல்லவா? தோல் மரத்துப்போகவில்லை, "இது வேண்டாம்" என்று மூளை ஒதுக்கிவிட்டது. தலைக்கு மேல் ஓடும் காற்றாடியின் சத்தமும் அப்படித்தான். சிலருக்கு இந்த ஒதுக்கும் வேலை சரியாக நடப்பதில்லை. என் மகன் காற்றாடியை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். டீச்சர் சொல்லும் வார்த்தை, பக்கத்துப் பையன் பென்சில் சீவும் சத்தம், வெளியே மோட்டார் சைக்கிள், எல்லாம் ஒரே அளவில் அவன் காதில் விழுகின்றன.

இதைத்தான் புலனுணர்வைக் கையாளும் சிரமம் என்கிறார்கள். கிளினிக்குகளில் சுருக்கமாகச் 'சென்சரி' என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். அது மூன்று விதமாகத் தெரியும். சிலருக்குக் கொஞ்சம் பட்டாலே அதிகம்: ஷாப்பிங் மால் கழிப்பறையில் கை உலர்த்தும் இயந்திரம் இரைந்தால் அலறி ஓடுவார்கள், காலுறையின் தையல் விரலில் பட்டால் அழுவார்கள். சிலருக்கு எவ்வளவு பட்டாலும் போதாது: முழங்காலில் ரத்தம் வழியும், பிள்ளை விளையாடிக்கொண்டே இருக்கும். பெயர் சொல்லி நாலு முறை கூப்பிட வேண்டியிருக்கும். இன்னும் சிலர் தேடித் தேடிப் போவார்கள்: சுழல்வது, குதிப்பது, எதையும் மோந்து பார்ப்பது, மெத்தைக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்து அழுந்திக்கொள்வது. ஒரே பிள்ளையிடம் மூன்றும் கலந்து இருக்கலாம். என் மகனுக்குச் சத்தம் ஆகாது, ஆனால் இறுக்கிக் கட்டிப்பிடித்தால்தான் தூக்கம் வரும்.

பார்க்கிறவர்களை மிகவும் குழப்புவது ஒன்று உண்டு. "பக்கத்து வீட்டுல ட்ரில் போட்டா கத்துறான், இவன் மட்டும் சட்டியைத் தட்டித் தட்டி ஆர்ப்பாட்டம் பண்றான், அப்போ நடிப்புதானே?" என்று என் மாமியார் கேட்டார். நியாயமான சந்தேகம்தான். ஆனால் தானே எழுப்பும் சத்தம் எப்போது வரும், எப்போது நிற்கும் என்று பிள்ளைக்குத் தெரியும். மற்றவர் எழுப்பும் சத்தம் எங்கிருந்தோ வந்து விழுகிறது. எதிர்பார்க்க முடிவதும் நிறுத்த முடிவதும் பெரிய வித்தியாசம். இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. ஆட்டிசத்தை 1943இல் விவரித்த லியோ கேனர், தான் பார்த்த 11 பிள்ளைகளைப் பற்றி எழுதும்போதே இதைக் குறித்திருக்கிறார். வேக்குவம் கிளீனர், லிஃப்ட், ஓடும் தண்ணீர், முட்டை அடிக்கும் கருவி, ஏன், காற்று அடிப்பதற்குக்கூடப் பயந்த பிள்ளைகள், அதே அளவு சத்தத்தைத் தாங்களே சந்தோஷமாக எழுப்பினார்கள் என்கிறார்.

இன்னொன்று, சுமை சேர்ந்துகொண்டே போகும். அண்ணன் மகள் பள்ளியில் ஒரு வார்த்தை பேசாமல் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருப்பாள். காலை மணி, சபைக்கூடலின் ஒலிபெருக்கி, கேண்டீனின் எண்ணெய் வாசனை, வியர்வையில் ஒட்டும் பினாஃபோர், வேன் ஹாரன், அத்தனையும் பொறுத்துக்கொண்டு வீட்டு வாசலில் காலணியைக் கழற்றும்போது வெடித்து அழுவாள். "டீச்சர் ஒண்ணும் சொல்லலையே, வீட்டுல மட்டும் ஏன் இப்படி?" என்று அண்ணி முதல் மூன்று மாதம் தன்னையே நொந்துகொண்டார். வீடு பாதுகாப்பான இடம் என்பதால்தான் அழுகை அங்கே வருகிறது. பொம்மை கேட்டு அடம்பிடிக்கும் பிள்ளை, கேட்டது கிடைத்ததும் அடங்கிவிடும். இவளுக்கு எதைக் கொடுத்தாலும் அடங்காது. அமைதியும் நேரமும்தான் வேண்டும்.

காய்ச்சல் உண்மை, ஆனால் என்ன காய்ச்சல்?

ஆட்டிசத்தோடு இதற்கு என்ன உறவு? மனநல மருத்துவர்கள் நோய்க்குறி தீர்மானிக்கப் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு 2013இல் வந்தது. அதில்தான் முதன்முதலாகப் புலனுணர்வு ஆட்டிசத்தின் அளவுகோல்களுக்குள் நுழைந்தது. அதற்கு முந்தைய பதிப்பின் அளவுகோல்களில் அது இல்லை. கேனர் எழுதி 70 ஆண்டு கழித்து என்பதை நினைத்தால் எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

அந்தக் கையேடு சொல்வது இதுதான். ஆட்டிசம் என்று முடிவு செய்ய, மற்றவர்களோடு பேசிப் பழகுவதில் தொடர்ச்சியான சிரமங்கள் இருக்க வேண்டும். அதோடு, திரும்பத் திரும்பச் செய்யும் செயல்கள், மாற்றத்தைத் தாங்காத பிடிவாதம், ஒரே விஷயத்தில் அளவு கடந்த ஆர்வம், புலனுணர்வு கூடுதலாகவோ குறைவாகவோ இருப்பது ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். அப்படியானால் இரண்டு விஷயம் புரிகிறது. சென்சரி சிரமம் பெரிதாக இல்லாமலும் ஒருவருக்கு ஆட்டிசம் இருக்கலாம். சென்சரி சிரமம் எவ்வளவு கடுமையாக இருந்தாலும், அது மட்டுமே ஆட்டிசம் ஆகிவிடாது. அண்ணன் மகளின் கதை இரண்டாவது. அவள் கண்ணைப் பார்த்துப் பேசுவாள், தோழிகளோடு கதை கட்டி விளையாடுவாள், பாட்டி முகம் வாடினால் முதலில் கவனிப்பது அவள்தான்.

சரி, அப்படியானால் அவளுக்கு இருப்பதற்குத் தனிப் பெயர் கொடுக்கலாமே? அதில்தான் மருத்துவ உலகமே ஒத்துப்போகவில்லை. கலிஃபோர்னியாவில் ஏ. ஜீன் அயர்ஸ் என்ற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர்), மூளை புலன்களை ஒருங்கிணைப்பதைப் பற்றிய தன் கோட்பாட்டை 1960களிலும் 70களிலும் வளர்த்தார். இன்று சென்சரி அறைகளில் தொங்கும் ஊஞ்சல்கள் எல்லாம் அவர் வழி வந்தவை. 'புலனுணர்வுக் கையாளல் கோளாறு' என்று தனி நோய்க்குறியாகச் சேர்க்க வேண்டும் என்று பலர் கேட்டும், 2013 கையேடு சேர்க்கவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் 2022 முதல் நடைமுறையில் உள்ள 11ஆம் பதிப்பிலும் அது தனியாக இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2012லேயே, இதைத் தனி நோய்க்குறியாகப் பயன்படுத்த வேண்டாம் என்று தன் மருத்துவர்களுக்குச் சொல்லிவிட்டது. மாறாக, மிகச் சிறு குழந்தைகளுக்கென்றே 2016இல் வந்த ஒரு வகைப்பாடு, டிசி 0-5 என்பார்கள், இதற்குத் தனி இடம் கொடுத்திருக்கிறது.

இதைச் சொன்னதும் அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்போ என் பிள்ளை சும்மா அழுறாளா?" என்றார். நான் டெங்கியைச் சொன்னேன். பிள்ளைக்கு 39 டிகிரி காய்ச்சல். கிளினிக்கில் டாக்டர் "காய்ச்சல்" என்று எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் ஒத்துக்கொள்வோமா? டெங்கியா, டைஃபாய்டா, சாதாரண வைரஸா என்று ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்வோம். அதற்காகக் காய்ச்சல் பொய் என்று ஆகிவிடாது. சென்சரி சிரமமும் அப்படி. ஆட்டிசத்தில் வரும், கவனம் நிலைக்காமல் துறுதுறுவென்று இருக்கும் ஏடிஹெச்டியில் வரும், கடுமையான பதற்றத்தில் வரும். குறைப்பிரசவப் பிள்ளைகளிடம் தெரியும். எந்தப் பெயரும் இல்லாமலும் வரும். அது தனி நோயா, வேறொன்றின் அறிகுறியா என்பதில்தான் கருத்து வேறுபாடு. பிள்ளை படும் வேதனையை யாரும் மறுக்கவில்லை.

சட்டத்தில் 'புலன்' என்ற சொல்

மலேசியாவின் மாற்றுத் திறனாளிகள் சட்டம் 2008ஆம் ஆண்டைச் சேர்ந்தது, 685ஆம் சட்டம். மாற்றுத் திறனாளி யார் என்று அது சொல்வதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: நீண்டகாலமாக உடலிலோ, மனத்திலோ, அறிவுத்திறனிலோ, புலனிலோ குறைபாடு இருந்து, அந்தக் குறைபாடு பலவகைத் தடைகளோடு சேரும்போது சமூகத்தில் முழுமையாகப் பங்கெடுக்க முடியாமல் போகக்கூடியவர்கள் இதில் அடங்குவர். மலாய் மூலத்தில் 'டெரியா' என்ற சொல் இருக்கிறது. அண்ணன் அதை எங்கோ படித்துவிட்டு, "பாரு, புலன்னு போட்டிருக்கு, பாப்பாவுக்கும் சேரும்" என்று துள்ளினார்.

அவசரப்படக் கூடாது. சட்டத்திலும் பதிவு அலுவலகத்திலும் 'புலன் குறைபாடு' என்றால் பொதுவாகப் பார்வைக் குறைவும் செவிக் குறைவும்தான். கண், காது என்ற உறுப்பு வழியே தகவல் வருவதில் உள்ள குறை. அண்ணன் மகளுக்குக் காது நன்றாகக் கேட்கிறது. வந்த ஒலியை மூளை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதில்தான் சிக்கல். தமிழில் இரண்டுக்கும் 'புலன்' என்றே எழுதுகிறோம், மலாயிலும் ஆங்கிலத்திலும் அதே குழப்பம்தான். படிவத்தில் தவறான கட்டத்தில் டிக் போட்டுத் திரும்பி வருகிறவர்களுக்கு இது ஒரு காரணம்.

ஆனாலும் அந்த வரையறையை நான் மதிக்கிறேன். நோயின் பெயரை அது கேட்கவில்லை. நீண்டகாலமா, தடை எது, பங்கெடுக்க முடிகிறதா என்றுதான் கேட்கிறது. மலேசியா 2010இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கையும் ஏறக்குறைய இதே மொழியில்தான் பேசுகிறது. சபைக்கூடலுக்குப் போக முடியாமல், கேண்டீனில் சாப்பிட முடியாமல், உறவினர் கல்யாணத்தில் கால்மணி நேரம் இருக்க முடியாமல் வருடக்கணக்காகத் தவிக்கும் பிள்ளை அந்த வரையறையின் உணர்வுக்குள் வருகிறாள் என்பதே என் எண்ணம்.

சமூகநல இலாகாவின் கவுண்டரில் போய் நின்றால் கதை வேறு. அங்கே பதிவு ஏழு பிரிவாக இருக்கிறது: செவி, பார்வை, பேச்சு, உடல், கற்றல் சிரமம், மனநலம், ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு. ஆட்டிசம் 'மசலாஹ் பெம்பெலாஜாரான்' எனப்படும் கற்றல் சிரமப் பிரிவில் வரும். அதே பிரிவில்தான் டவுன் சிண்ட்ரோம், ஏடிஹெச்டி, அறிவுத்திறன் குறைபாடு, டிஸ்லெக்சியா (எழுத்தை வாசிப்பதில் சிரமம்) போன்ற குறிப்பிட்ட கற்றல் சிரமங்கள், 3 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளின் ஒட்டுமொத்த வளர்ச்சிப் பின்னடைவு எல்லாம் இருக்கின்றன. நல்ல படிப்பாளியான ஆட்டிசப் பிள்ளையின் அட்டையிலும் கற்றல் சிரமம் என்றே இருக்கும், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். படிவத்தில் ஒரு பகுதியை மருத்துவர் நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். அவர் நிரப்பும் அந்த இடத்தில் சென்சரி சிரமம் என்று ஒரு வரி கிடையாது.

பணமும் இந்தப் பட்டியலின் பின்னால்தான் போகிறது. 18 வயது வரையுள்ள பிள்ளையின் பரிசோதனைக்கும் ஆரம்பகாலச் சிகிச்சைக்கும் செய்த செலவில், 2025 மதிப்பீட்டு ஆண்டுக்கு 6,000 வெள்ளி வரை பெற்றோர் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். அதற்குத் தகுதியான நிலைகள் கற்றல் சிரமப் பிரிவில் மேலே சொன்னவைதான். பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்புக்கும், அந்த மாணவர்களுக்குக் கிடைக்கும் மாதம் 150 வெள்ளி உதவிக்கும் மருத்துவச் சான்று வேண்டும். 2013ஆம் ஆண்டின் சிறப்புக் கல்வி விதிமுறைகளும் பார்வை, செவி, பேச்சு, உடல், கற்றல் என்று அதே வழியில்தான் பிரிக்கின்றன. அண்ணன் வாரம் ஒரு தெரபிக்குக் கையிலிருந்து கொடுக்கிறார், என்னைப் போலக் கழித்துக்கொள்ள வழியில்லை. இது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. இருவர் வீட்டிலும் பில் ஒரே மாதிரிதான் வருகிறது.

ஓகேயு பதிவு கட்டாயம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அட்டை எடுத்தால் அரசு மருத்துவமனையில் கட்டணச் சலுகை, ரயிலில் சலுகை, கடப்பிதழ் கட்டண விலக்கு எல்லாம் உண்டு. ஆனால் அட்டையைக் காட்டினால் பள்ளி ஒலிபெருக்கி தானாகக் குறையாது. 685ஆம் சட்டத்தில் மீறுகிறவர்களுக்குத் தண்டனை என்று ஒன்றும் வைக்கவில்லை. பல வருடமாக மாற்றுத் திறனாளி அமைப்புகள் திருத்தம் கேட்டுக்கொண்டிருப்பது இதற்காகவும்தான். எங்கள் வீட்டில் அட்டை எடுக்கும்போது பாட்டி அழுதார், "பிள்ளைக்கு முத்திரை குத்துறியே, நாளைக்கு யாரு பொண்ணு கொடுப்பா" என்றார். 4 வயதுப் பிள்ளையின் கல்யாணத்தைப் பற்றிய அந்த அழுகையில் அன்பு இருந்தது, அதனால் பதில் சொல்லவில்லை. அட்டையை எடுத்தேன், அவனுக்குத் தெரபி கிடைத்தது, பேச்சு வந்தது. அது போதும்.

பெயர் கிடைக்காத பிள்ளைக்கு என்ன செய்வது?

முதலில், 'இல்லை' என்று ஒருமுறை சொன்னதோடு முடித்துக்கொள்ளக் கூடாது, குறிப்பாகப் பெண் பிள்ளைகள் விஷயத்தில். சுற்றியுள்ளவர்களைப் பார்த்து, அவர்களைப் போலவே நடந்துகொள்ளக் கற்றுக்கொள்ளும் பெண் பிள்ளைகளுக்கு ஆட்டிசம் பல வருடம் தெரியாமலே போகிறது. அரசுச் சுகாதாரக் கிளினிக்கில் 18 மாதத்தில், ஆட்டிசம் இருக்கலாமா என்று பார்க்க, எம்-சாட் என்ற கேள்வித்தாளைக் கொடுப்பார்கள். அது முதல் சல்லடை மட்டும்தான், அதில் தப்பியவர்களும் உண்டு. அண்ணன் மகளை டாக்டரே இரண்டு வருடம் கழித்து மறுபடி கூட்டிவரச் சொல்லியிருக்கிறார். ஆட்டிசம் இல்லை என்றாலும் ஏடிஹெச்டி இருக்கிறதா, பதற்றம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குக் காது பரிசோதனை கண்டிப்பாக வேண்டும். சாப்பாட்டில் நாலைந்து பண்டம் தவிர எதையும் தொடாமல் எடை குறைகிறது என்றால், அதற்கென்றே தனி நோய்க்குறி 2013 கையேட்டில் இருக்கிறது. உணவின் வழவழப்பும் வாசனையும் பிடிக்காமல் ஒதுக்குவதையும் அது கணக்கில் எடுக்கிறது. அதை விட்டுவிட்டு "சென்சரிதான், போகப் போகச் சரியாயிடும்" என்று இருப்பது ஆபத்து.

அடுத்து தெரபி. இதில் நான் பட்ட பாடு ஒன்று உண்டு. மகனுக்கு 5 வயதிருக்கும்போது ஒரு தனியார் மையம், ஆறு மாதப் பேக்கேஜ் எடுத்தால் சென்சரி பிரச்சினை முழுதாகப் போய்விடும் என்று சொல்லி முன்பணம் வாங்கியது. நானும் கொடுத்தேன். ஊஞ்சல், பந்து, தூரிகை எல்லாம் நடந்தது. ஆறு மாதம் கழித்து, எதை எட்ட நினைத்தோம், எட்டினோமா என்று கேட்டபோது அவர்களிடம் ஒரு தாள்கூட இல்லை. ஊஞ்சல் தப்பு என்று சொல்லவில்லை. இன்றைக்கும் என் மகன் ஊஞ்சலாடினால் அமைதியாகிறான். ஆனால் இந்தச் சிகிச்சைகளின் பலனுக்கான ஆதாரம் இன்னும் முழுமையாக இல்லை. நான் மேலே சொன்ன அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே தெரபியைத் தடுக்கவில்லை. குறிக்கோள் வைத்து, கெடு வைத்து, பலன் தெரிகிறதா என்று பாருங்கள் என்றுதான் சொல்கிறது. "8 வாரத்தில் அவளே காலுறை போட வேண்டும்" என்பது குறிக்கோள். "மூளை சமநிலைக்கு வரும்" என்பதை எப்படி அளப்பது? ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், மலாயில் 'ஜூருபுலே சாரா கெர்ஜா', 2016ஆம் ஆண்டின் 774ஆம் சட்டத்தின் கீழ் வரும் தொழில். பதிவு இருக்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை, கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

மூன்றாவது, என் அனுபவத்தில் அதிகப் பலன் தந்தது, சுற்றியிருப்பதை மாற்றுவது. அதற்கு அட்டையும் வேண்டாம், நோயின் பெயரும் வேண்டாம். பேசிப் புரியவைத்தால் போதும். தெரபிஸ்ட் ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தார், அண்ணி அதை வகுப்பு டீச்சரிடம் கொண்டுபோனார். சபைக்கூடலில் ஒலிபெருக்கிக்கு எதிர்ப்பக்கம், வரிசையின் ஓரத்தில் நிற்கட்டும். கேண்டீனுக்கு ஐந்து நிமிடம் முன்னால் போகட்டும். மணி அடிக்கப்போகிறது என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லுங்கள். தையலில்லாத வெள்ளைக் காலுறை போட அனுமதியுங்கள். டீச்சர் எல்லாவற்றுக்கும் சரி என்றார். எல்லாப் பள்ளியிலும் இப்படி நடக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் "என் பிள்ளைக்குச் சென்சரி பிராப்ளம்" என்று போய் நிற்பதைவிட, இப்படி நாலு சின்ன வேண்டுகோளோடு போனால் டீச்சருக்கும் என்ன செய்வது என்று தெரிகிறது.

கோயில் விஷயமும் அப்படித்தான். பத்துமலைத் தைப்பூசத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகாமல் இருந்தால் சாமி குற்றமாகிவிடும் என்று வீட்டில் பயந்தார்கள். உறுமி, ஒலிபெருக்கி, லட்சக்கணக்கான கூட்டம், கற்பூரப் புகை, வெயில், ஈரத்தோளோடு ஈரத்தோள் உரசல், அவனுக்குத் தாங்காதது அத்தனையும் ஒரே இடத்தில். ஒரு வருடம் முயன்று, அடிவாரத்திலேயே அவன் தரையில் விழுந்து அலறியதை நான் மறக்கமாட்டேன். அடுத்த வருடம் தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு சாதாரண நாள் விடியற்காலையில் போனோம். காதுக்குச் சத்தம் குறைக்கும் மஃப் போட்டுக்கொண்டு, 272 படியையும் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே ஏறினான். குகைக்குள் சொட்டும் தண்ணீரை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். முருகனுக்கு அதுவே போதும் என்று பாட்டியே சொல்லிவிட்டார். கோலாலம்பூரில் சன்வே புத்ரா மால் போன்ற இடங்களில் அமைதி அறை வைத்திருக்கிறார்கள். கல்யாண மண்டபங்களிலும் மேளம் கேட்காத ஒரு அறையைத் திறந்துவைக்க எவ்வளவு செலவாகிவிடும்? நம் வீட்டுக் கல்யாணத்திலாவது நாம் கேட்டு வாங்கலாம்.

கடைசியாக, எழுதி வையுங்கள். "சத்தம் ஆகாது" என்று டாக்டரிடம் சொன்னால் அவர் என்ன செய்ய முடியும்? எந்தச் சத்தம், எங்கே, எவ்வளவு நேரம், அதற்கு முன் என்ன நடந்தது, அடங்க எத்தனை நிமிடம் ஆனது, அதனால் எதைச் செய்ய முடியாமல் போனது என்று தேதி போட்டு நாலு வரி. மறுபரிசோதனையில் இந்த நோட்டுப்புத்தகம் நூறு கேள்விக்குப் பதில் சொல்லும். நாளைக்கு அவளுக்கு வேறு பெயர் கிடைத்து, படிவம் நிரப்ப வேண்டி வந்தாலும், பங்கெடுக்க முடியவில்லை என்பதைக் காட்ட இதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

அண்ணி போன மாதத்திலிருந்து எழுதுகிறார். ஓகேயு படிவத்தை அண்ணன் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறார், இப்போதைக்கு அது அங்கேயே இருக்கட்டும் என்றேன். நேற்று அண்ணி நோட்டின் ஒரு பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினார். "செவ்வாய். 10 மணி இடைவேளை மணி. டீச்சர் முன்கூட்டியே சொல்லியிருக்காங்க. காதைப் பொத்தலை. கேண்டீன்ல அரை இட்லி சாப்பிட்டா. வீட்டுக்கு வந்து அழுகை: 12 நிமிஷம். போன செவ்வாய்: 40."